குரல் ஒருத்தருக்கு, முகம் ஒருத்தருக்கா?
(ஹிப்-ஹாப் வீடியோக்கள் பற்றி ஒரு ரசிகையின் குறிப்புகள்)



ஆண்டு மலர் என்றாலே 'நேரம் பொன் போன்றது', 'தொழில்நுட்பமும் நாமும்' என்று எழுதுவதுதான் வழக்கம். அதையெல்லாம் எழுத நம் வகுப்பிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஹிப்-ஹாப் வீடியோக்களைப் பற்றி.

"அதுல எழுத என்ன இருக்கு? தொளதொள சட்டை போட்டுக்கிட்டு கையை ஆட்டி ஆட்டி வேகமாப் பேசுறாய்ங்க. அது பாட்டா, திட்டா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. படித்து முடித்த பிறகும் 'திட்டு' என்றே சொன்னால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் யார், யாரை, எதற்காகத் திட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள்!

பிறந்த கதை

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதி. செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், புதுத்துணி எடுக்கப் பணம் வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் அங்கே ஒரு விருந்து நடத்தினாள். உள்ளே வரச் சில்லறைக் காசு கட்டணம். இசைத்தட்டு போட்டது அவளுடைய அண்ணன் கிளைவ். ஜமைக்காவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அந்த அண்ணனைத்தான் உலகம் 'டி.ஜே. கூல் ஹெர்க்' என்று கொண்டாடுகிறது.

அவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். பாட்டு நடுவில் பாடகர் நிறுத்தி, மேளம் மட்டும் தனியாக வாசிக்கும் சில விநாடிகள் வரும். அப்போதுதான் ஆடுபவர்களுக்கு உற்சாகம் பொங்குகிறது. ஆனால் அது சட்டென்று முடிந்துவிடுகிறதே... என்ன செய்யலாம்? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி. இரண்டு டர்ன்டேபிள். நடுவில் ஒரு மிக்ஸர். முதல் தட்டில் மேளம் முடியும்போது இரண்டாவது தட்டில் அதே மேளம் தொடங்கும். அது ஓடும் நேரத்தில் முதல் தட்டைப் பின்னால் சுற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பத்து விநாடி மேளம் பத்து நிமிஷ மேளமாகிவிட்டது!

அந்த மேளத்தின் மேல் ஒருவர் மைக்கைப் பிடித்து, தன் பெயரையும் தெருவையும் எதுகை மோனையோடு சொல்லத் தொடங்கினார். அதுதான் ராப். பூங்காக்களில் கச்சேரி வைத்தபோது தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரம் எடுத்தார்களாம். (இ.இ.இ. நண்பர்கள் இதைச் செய்முறைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்!)

ஆக, இது வசதியானவர்கள் கண்டுபிடித்த இசை அல்ல. வாத்தியம் வாங்கக் காசில்லாத பிள்ளைகள், வீட்டில் கிடந்த சாதனத்தை வேறு விதமாக இயக்கிக் கண்டுபிடித்தது. டிப்ளமோ படிக்கிற நமக்கு இதைவிட நெருக்கமான கலை வேறு உண்டா?

வீடியோ வந்தது

1981 ஆகஸ்ட் 1-ல் அமெரிக்காவில் எம்.டி.வி. தொடங்கியது. 1982-ல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவினரின் 'தி மெசேஜ்' வந்தது. அதன் வீடியோவில் மாளிகையும் இல்லை, பூந்தோட்டமும் இல்லை. நியூயார்க் தெரு, நெரிசல், இடிந்த கட்டடம்... கடைசியில் போலீஸ் வந்து பையன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறது. எம்.டி.வி.யில் ராப்புக்கென்று 'யோ! எம்.டி.வி. ராப்ஸ்' என்ற தனி நிகழ்ச்சி வருவதற்கு 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எப்படி எடுக்கிறார்கள் என்று ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ஒரு ராப் பாட்டின் தாளம் நிமிஷத்துக்கு 90 தட்டு என்று வையுங்கள். 60-ஐ 90-ஆல் வகுத்தால் ஒரு தட்டுக்கு 0.67 விநாடி. கேமரா விநாடிக்கு 24 பிரேம் எடுக்கிறது. அப்படியானால் ஒரு தட்டுக்குச் சரியாக 16 பிரேம், நாலு தட்டு கொண்ட ஒரு சுற்றுக்கு 64 பிரேம். எடிட்டர் இந்தக் கணக்கில் காட்சியை வெட்டினால், நம் கண் தாளம் போடும். ஒரு பிரேம் இரண்டு பிரேம் தப்பினால்கூட, காரணம் தெரியாமலே 'என்னமோ இடிக்குதே' என்று தோன்றும்.

இன்னொரு வித்தை. ஆள் மெதுவாக நடக்கிறார், துணி மெதுவாகப் பறக்கிறது, ஆனால் உதடு மட்டும் பாட்டோடு ஒத்துப்போகிறது. இது எப்படி? படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, கேமராவை 48 பிரேமில் ஓடவிடுகிறார்கள். பாடகர் வேகமாக வாயசைக்கிறார். பிறகு 24 பிரேமில் போட்டால் எல்லாம் பாதி வேகம். உதடு சரியாக வந்து உட்காரும், உடம்பு மட்டும் மிதக்கும். தெரிந்துகொண்ட பிறகும் எனக்கு இந்த வித்தை அலுக்கவில்லை.

நம்ம ஊர் வழக்கமும் ராப் வழக்கமும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நாம் வளர்ந்தது சினிமாப் பாட்டில். சினிமாப் பாட்டில் குரல் ஒருவருக்கு, முகம் இன்னொருவருக்கு. பாடுகிறவருக்கு 'பின்னணி'ப் பாடகர் என்றே பெயர். பின்னால் நிற்பவர்! ஹிப்-ஹாப் வீடியோவில் அப்படி இல்லை. யார் எழுதி யார் பாடினார்களோ, அவர்களே முன்னால் வந்து நேராக நம் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். குரலும் முகமும் ஒரே ஆளுக்கு. இதுதான் அடிப்படை விதி என்று நான் நினைக்கிறேன். இதை மனசில் வைத்துக்கொண்டு நம்ம பாட்டுகளைப் பார்ப்போம்.

பேட்டை ராப் (1994)

ஷங்கர் இயக்கிய 'காதலன்' படம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை. ராப் என்ற சொல்லையே பட்டிதொட்டிக்குக் கொண்டுவந்த பாட்டு. நாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்னால் வந்தது. ஆனால் இன்றும் கல்லூரி விழாவில் போட்டால் கால் நிற்காது. பிரபுதேவாவின் ஆட்டத்தை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

பாடியவர்கள் சுரேஷ் பீட்டர்ஸ், ஷாகுல் ஹமீது, அப்புறம்... தேனி குஞ்சரம்மாள்! ஆமாம், நம்ம தேனிதான். தமிழ் சினிமாவின் பேர்பெற்ற ராப் பாட்டில் நம்ம மாவட்டத்து நாட்டுப்புறக் குரல் ஒன்று இருக்கிறது. இது தெரிந்த அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிஷமே ஒரு கேள்வியும் வந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அந்த அம்மாவின் முகம் தெரியும்? குரல் ஊரெல்லாம் போனது. முகம் பின்னணியிலேயே நின்றுவிட்டது.

மடை திறந்து (2006)

மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழு. 'வல்லவன்' ஆல்பம். அடிமெட்டு இளையராஜாவினுடையது. 1980-ல் பாரதிராஜா எடுத்த 'நிழல்கள்' படத்துப் பாட்டு. பாரதிராஜா அல்லிநகரம், இளையராஜா பண்ணைப்புரம். சிலமலையிலிருந்து தேவாரம் ரோட்டைப் பிடித்துப் போனால் பண்ணைப்புரம்தான். அங்கே பிறந்தவர் போட்ட மெட்டு கடல் தாண்டிப் போய், தோட்டத் தொழிலுக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வளர்ந்த மண்ணில் ராப்பாக மாறித் திரும்பி வந்திருக்கிறது. ஹெர்க் இசைத்தட்டில் செய்ததும் இதுதானே? பழைய மேளத்தை எடுத்துப் புதுப் பேச்சு பேசுவது.

எனக்கு இந்த வீடியோவில் பிடித்தது, வாயசைக்க நடிகர் யாரும் இல்லை என்பது. பாடியவர்களே முன்னால் நிற்கிறார்கள். படத்தில் அது வாய்ப்புத் தேடும் ஓர் இசைக்கலைஞனின் கனவுப் பாட்டு. இவர்களும் வாய்ப்பைத் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டவர்கள். பொருத்தம் பார்த்தீர்களா!

கிளப்புல மப்புல (2011)

ஹிப்ஹாப் தமிழா ஆதி, ஜீவா. சினிமாக் கம்பெனி துணையில்லாமல் யூடியூப் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்த பாட்டு. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நம்ம தமிழில் இவ்வளவு சரளமாக ராப் பாடியதால்தான் பிறகு பலருக்குத் துணிச்சல் வந்தது. அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனாலும் ஒரு ரசிகையாக மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டு குடிக்கிற பெண்களைக் குறை சொல்கிறது. குறை சொல்பவருக்குக் குரலும் இருக்கிறது, முகமும் இருக்கிறது. குறை சொல்லப்படுகிறவளுக்கு ஒரு வரிகூட இல்லை. எசப்பாட்டு என்றால் எதிராளிக்கும் ஒரு முறை வர வேண்டாமா? தாளம் போட்டுக்கொண்டே எனக்குக் கோபம் வந்த பாட்டு இது ஒன்றுதான்.

கொடைக்கானல் வோன்ட் (2015)

இது ஆங்கில ராப். பாடியவர் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப். மெட்டு நிக்கி மினாஜின் 'அனகோண்டா'. விஷயம் கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை. இந்துஸ்தான் யூனிலீவருக்குச் சொந்தமானது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர் உடல்நலம் கெட்டதற்கு ஆலை காரணமில்லை என்று கம்பெனி சொல்லிவந்தது. வருஷக்கணக்கில் வழக்கு, மனு, போராட்டம். 2015 ஜூலைக் கடைசியில் இந்த வீடியோ வந்தது. நிக்கி மினாஜே அதைப் பகிர்ந்தார். 2016 மார்ச்சில், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உதவித்தொகை தர உடன்பாடு ஏற்பட்டது. பாட்டு ஒன்றே இதைச் சாதித்தது என்று சொன்னால் அத்தனை வருஷம் அலைந்தவர்களுக்கு அது அநியாயம். ஆனால் எட்டாத காதுக்கெல்லாம் பாட்டு எட்டியது என்பது உண்மை.

நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். அந்த ஆலை இருந்தது பாம்பாறு சோலைக்கு மேலே. அந்தப் பாம்பாறுதான் கீழே இறங்கி, நாம் டூர் போய்க் குளிக்கிற கும்பக்கரை அருவியாக விழுகிறது!

இந்த வீடியோவில் குரல் பாதிக்கப்பட்ட தொழிலாளியுடையது அல்ல, அவர்களுக்காகப் பேச வந்த கலைஞருடையது. அது தப்பில்லை. ஆனால் நம் விதிப்படி பார்த்தால் இது பாதி வழிதான்.

எஞ்சாயி எஞ்சாமி (2021)

2021 மார்ச்சில் வந்தது. பாடியவர்கள் தீ, அறிவு. இசை சந்தோஷ் நாராயணன், வீடியோ இயக்கம் அமித் கிருஷ்ணன். அறிவு அரக்கோணத்துக்காரர், 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடியவர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, பிறகு தாயகம் திரும்பியவர். பாட்டின் கரு அவர்தான். வீடியோவிலும் அவரே வருகிறார். நடிக்க ஆள் வைக்கவில்லை. தோட்டத்தில் உழைத்த கிழவியின் முகத்தை உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். பாட்டில் ஒப்பாரியும் வருகிறது. நம் தெருவில் கேட்கிற அதே ஒப்பாரி.

முதல் தடவை நான் இதைத் தாளத்துக்காகப் பார்த்தேன். இரண்டாவது தடவை அம்மாவோடு பார்த்தேன். அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர். விடியுமுன்னே ஜீப் ஏறி, போடி மெட்டு வழியா மேலே போய், காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புகிறவர். பாட்டு ஓடும்போது வாயே திறக்கவில்லை. முடிந்ததும், "இந்தா, அந்தக் கிழவி வர்ற எடத்தை மட்டும் இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். "நம்ம சின்னம்மா கணக்காவே இருக்காக" என்றார். அவ்வளவுதான். எத்தனை விமரிசனம் படித்தாலும் இதற்கு ஈடாகுமா!

அதே பாட்டிலேயே இன்னொரு கதையும் நடந்தது. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பின் அட்டையில் தீயும், கனடாத் தமிழ் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் கேள்வி எழுப்பினார், பலரும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அறிவின் படத்தோடு இணையத்தில் தனி அட்டை வந்தது. 2022-ல், பாட்டை உருவாக்கியதில் யார் பங்கு என்ன என்று அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் மூவரும் தனித்தனியாக அறிக்கை விட்டார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுத நான் நீதிபதி இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. முகம் என்பது அலங்காரம் இல்லை. 'இதைச் செய்தது நான்' என்பதற்கு அதுதான் கையெழுத்து.

நம்ம மலையின் குரல்

2018-ல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தில், மலையேறி இறங்கும் சுமைக்காரரையும் ஏலத்தோட்டத்தையும் திரையில் பார்த்தோம். லெனின் பாரதி இயக்கியது. ராப் வீடியோவில்? நான் தேடிய வரைக்கும் நம்ம ஜீப்புப் பெண்கள் யாரும் கண்ணில் படவில்லை.

அவர்களிடம் பாட்டு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். லீவு நாளில் நானும் கூடப் போயிருக்கிறேன். அம்மா சொன்ன அந்தச் சின்னம்மா, வேலை நடுவே இட்டுக்கட்டிப் பாடும். கங்காணி நடக்கிற நடை, மழையில் ஒழுகுகிற பிளாஸ்டிக் காகிதம், ஜீப்புக்குள் மடிக்க முடியாத கால்... எல்லாம் அந்த நிமிஷமே பாட்டாகும். யாராவது எதிர்வரி போட்டால் அதுக்கும் பதில் வரும். இதைத்தான் வெளிநாட்டில் 'ஃப்ரீஸ்டைல்' என்கிறார்கள். சின்னம்மாவுக்கு அந்தப் பேர் தெரியாது, அவ்வளவுதான்.

செல்போனில் வீடியோ எடுக்கட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். "பாட்ட வேணா புடிச்சுக்க. மூஞ்சியப் போடாத. கங்காணியப் பத்திப் பாடுனவன்னு தெரிஞ்சா நாளைக்கு வேலைக்குக் கூப்புடுவாகளா?" என்றது.

எனக்குப் பேச்சு வரவில்லை. குரலும் முகமும் ஒரே ஆளுக்கு என்று இவ்வளவு நேரம் பேசினேனே, அந்த விதிக்கு ஒரு விலை இருக்கிறது. முகம் காட்டினால் மறுநாள் கூலி போகும் என்ற நிலையில் இருப்பவரைப் 'பயந்தவர்' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இத்தனை காலம் இவர்கள் முகம் வெளியே தெரியாததற்குப் பாட்டுப் பஞ்சம் காரணமில்லை. முகம் காட்டக் கட்டுப்படியாகவில்லை! வள்ளியம்மாள் திரையில் வந்து அமர்ந்ததன் பெருமை, இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

நாம் செய்யக்கூடியது

கலைவிழாவுக்கு ராப் வீடியோ எடுக்கிற நண்பர்கள் நம் கல்லூரியிலும் இருக்கிறார்கள். ஒரு செல்போன், இலவச எடிட்டிங் செயலி, மேலே சொன்ன 16 பிரேம் கணக்கு... இவை போதும். கூடவே மூன்று விஷயங்களை மனசில் வையுங்கள்.

ஒன்று, இரவல் முகம் வேண்டாம். பிராங்க்ஸ் பாஷையையும் தங்கச் சங்கிலியையும் நாம் மாட்டிக்கொண்டால் அது மாறுவேடப் போட்டி. சிலமலையில் நின்று சிலமலைப் பேச்சில் பாடுங்கள்.

இரண்டு, உழைக்கிறவரைக் காட்சிப் பொருளாக்க வேண்டாம். தோட்டத்தில் குனிந்து நிற்கும் பெண்ணை, பாட்டுக்குப் பின்னால் பச்சைப்பசேல் என்று ஓடவிடுவது சுலபம். கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் எடுங்கள். 'வேணாம்' என்றால் கேமராவை மூடுங்கள்.

மூன்று, பெயர் போடுங்கள். வரி சொன்னது யார், மெட்டு யாருடையது, எடிட் செய்தது யார் என்று ஒருவர் விடாமல் போடுங்கள். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொன்னால் 'மலைக்குப் போகும் ஒரு தாய்' என்றாவது போடுங்கள். நாமே எழுதியது போல் விட்டுவிடாதீர்கள்.

நாம் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகப் போகிறவர்கள். கங்காணிக்குப் பயந்து முகத்தை மறைக்க வேண்டிய அவசியம் நம்மில் பலருக்கு வராது. அந்த வசதியை நமக்கு வாங்கிக் கொடுத்ததே, முகம் காட்டாமல் மலையேறிய அந்தக் கைகள்தான். சின்னம்மாவின் பாட்டு என் செல்போனில் பத்திரமாக இருக்கிறது, குரல் மட்டும். அதை வெளியிடுவதா, எப்போது, எந்த முகத்தோடு என்பதைச் சின்னம்மாதான் சொல்ல வேண்டும். சொல்லும் நாளில் தாளம் போட நான் தயார். எடிட்டிங்குக்கு ஆள் வேண்டும்... நீங்கள் தயாரா?

— மூன்றாம் ஆண்டு மாணவி,
மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பொறியியல் துறை